ஒளிராத செல்லை முதலில் காட்டு

வலியைப் பற்றி ஆராயும் கூடம் ஒன்றில் மூத்த ஆய்வாளர் ஒருவர் வேலை செய்கிறார். மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படங்களை அவரிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். கறுப்புப் பின்னணியில் பச்சையாக மின்னும் நரம்பு செல்கள், பார்க்கவே அழகாக இருக்கும். அந்தப் படத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். “தேடும் புரதம் இல்லாத செல்லுக்கும் இதே ஆன்டிபாடியைப் போட்டாய் அல்லவா? அதை முதலில் காட்டு” என்பார். அதே ஆன்டிபாடி, அதே நாள், அதே வெளிச்ச அளவு. தேடுகிற புரதம் மட்டும் அந்தச் செல்லில் இருக்கக் கூடாது. அந்தப் படம் இருட்டாக இருந்தால்தான் மற்றப் படத்தைப் பற்றிய பேச்சே தொடங்கும்.

சூட்டை உணரும் அயனிக் கால்வாய்கள் மனித உடலில் எந்தெந்தச் செல்களில் இருக்கின்றன என்று ஆன்டிபாடி கொண்டு தேடிப் பார்ப்பதே அவருடைய தொழில். பாடப்புத்தகம் எதிர்ப்பொருள் என்று சொல்லும் ஆன்டிபாடிதான் இது. உடம்புக்குள் கிருமியைப் பிடிக்கும் அந்தப் புரதம், ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கருவியாகிறது. அதன் மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். 1941-இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கிவைத்த உத்தி இது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

அவர் தேடும் கால்வாய்களில் முதன்மையானது டிஆர்பிவி1. நரம்பு செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் இந்தப் புரதம் ஏறக்குறைய 43 டிகிரி சூட்டில் திறந்துகொள்கிறது. கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, நரம்பு மூளைக்குச் சேதி அனுப்ப, நமக்குச் சுடுகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் இதே கால்வாயைத்தான் திறக்கிறது. பச்சை மிளகாயைக் கடித்தவர் வாய் எரிகிறது என்று சொல்வதில் மிகையே இல்லை. சூடு பட்டால் எந்த நரம்பு எந்தச் சேதியை அனுப்புமோ அதே நரம்பு அதே சேதியைத்தான் அனுப்புகிறது.

இந்தக் கால்வாயைக் கண்டுபிடித்த கதையை அவர் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்வார். அந்தக் கதையில் ஆன்டிபாடிக்கு இடமே இல்லை என்பதுதான் காரணம். 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு, எலியின் டிஆர்ஜியிலிருந்து, அதாவது முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளிலிருந்து, மரபணுப் பிரதிகளின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தது. அவற்றை ஏறக்குறைய 16,000 பிரதிகள் கொண்ட கூறுகளாகப் பிரித்து, காரம் என்றால் என்னவென்றே அறியாத ஹெக்293 செல்களுக்குள் ஏற்றினார்கள். கால்சியம் நுழைந்தால் ஒளி மாறும் ஃபுரா-2 சாயத்தையும் ஊட்டி, மேலே கேப்சைசினை ஊற்றினார்கள். எந்தக் கூறில் சில செல்களாவது ஒளி மாறினவோ, அந்தக் கூறை மட்டும் எடுத்து மறுபடி பிரித்தார்கள். பிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு பிரதியில் வந்து நின்றார்கள். கிடைத்த கால்வாய் சூட்டுக்கும் திறந்தது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த ஆய்வு, கால்வாயை அது செய்யும் வேலையை வைத்துப் பிடித்தது. ஆன்டிபாடி கால்வாயை அதன் உருவத்தை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகாத இடத்தில் எதை நம்புவது என்ற கேள்வியோடுதான் அவருடைய அன்றாட வேலை நடக்கிறது.

டிஆர்பிவி1-க்குப் பின்னால் ஒரு குடும்பமே வரிசையில் வந்தது. 52 டிகிரிக்கு மேல் திறக்கும் டிஆர்பிவி2, தோல் செல்களில் இதமான வெதுவெதுப்பை உணரும் டிஆர்பிவி3, டிஆர்பிவி4, குளிருக்கும் மென்தாலுக்கும் திறக்கும் டிஆர்பிஎம்8, 2011-இல் வலிதரும் சூட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட டிஆர்பிஎம்3. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஆர்பிவி1, டிஆர்பிஎம்3, அதே குடும்பத்தின் டிஆர்பிஏ1 ஆகிய மூன்றையும் ஒருசேர நீக்கிய சுண்டெலிகள் கடுஞ்சூட்டிலிருந்து விலகவில்லை என்று 2018-இல் காட்டினார்கள். ஒன்றோ இரண்டோ போனால் மிச்சமிருப்பது காப்பாற்றிவிடுகிறது. ஒரு செல்லில் இவற்றில் எவை சேர்ந்திருக்கின்றன என்பது அதனாலேயே முக்கியமாகிவிட்டது.

ஆன்டிபாடி தயாரிப்பது கேட்க எளிது. தேடும் புரதத்தில் பதினைந்து இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து, பெரிய புரதம் ஒன்றோடு கோத்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் ரத்தத்தில் அந்தத் துண்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகும். சிக்கல் கால்வாயின் அமைப்பில் இருக்கிறது. மனித டிஆர்பிவி1 என்பது 839 அமினோ அமிலங்களின் சங்கிலி. அது செல் சவ்வை ஆறு முறை குறுக்கே கடக்கிறது. அப்படிப்பட்ட நான்கு சங்கிலிகள் கூடித்தான் ஒரு கால்வாய். இரண்டு முனைகளும் செல்லுக்குள்ளே இருக்கின்றன. வெளியே தெரிவது சில சிறிய வளைவுகள் மட்டுமே. ஆகவே பெரும்பாலான ஆன்டிபாடிகள் உள்ளே இருக்கும் வால்பகுதிக்கு எதிராகச் செய்யப்பட்டவை. அவை போய்ச் சேர வேண்டுமென்றால் செல்லைக் கொன்று, ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, டிரைட்டான் போன்ற சோப்பால் சவ்வில் துளையிட வேண்டும். உயிரோடிருக்கும் செல்லில் அந்த ஆன்டிபாடிகளுக்கு வேலையில்லை.

அந்தச் சிறு துண்டு இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. ஊர்ப்பெயரும் கதவிலக்கமும் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் எழுதிப் போட்ட கடிதம் எந்த வீட்டுக்கும் போகலாம் அல்லவா, அதே நிலைதான் இங்கே. ஏழெட்டு அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும் வேறு புரதம் செல்லுக்குள் இருந்தால் ஆன்டிபாடி அதிலும் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குத் தொடக்ககால ஆன்டிபாடிகளில் பல எலியின் வரிசையைப் பார்த்துச் செய்யப்பட்டவை. எலியின் கால்வாயும் மனிதக் கால்வாயும் சுமார் 85 சதவீதம்தான் ஒன்று. மிச்சமுள்ள வேறுபாடு வால்பகுதித் துண்டில் விழுந்துவிட்டால், எலியில் பளிச்சென்று ஒளிரும் ஆன்டிபாடி மனிதச் செல்லில் ஊமையாகிவிடும். அல்லது வேறெதையோ பிடித்துக்கொண்டு ஒளிரும். இரண்டாவதுதான் ஆபத்து.

எந்தப் புதிய ஆன்டிபாடி வந்தாலும் முதல் சோதனையை அவர் ஹெக்293 செல்களில்தான் வைப்பார். மனிதச் சிறுநீரகத்திலிருந்து 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் பிறந்த செல் வரிசை அது. ஃபிராங்க் கிரகாமின் 293-ஆவது சோதனையில் கிடைத்ததால் அந்த எண். கண்ணாடிச் சில்லின் மேல் செல்களை வளர்த்து, மனித டிஆர்பிவி1-இன் மரபணுவை அவற்றுக்குள் ஏற்றுவார். எல்லாச் செல்லும் அதை வாங்கிக்கொள்வதில்லை என்பதுதான் இந்தச் சோதனையின் சிறப்பு. வாங்கிய செல்லும் வாங்காத செல்லும் ஒரே சில்லில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கால்வாயின் முனையில் ஃப்ளாக் என்னும் சிறிய அடையாளத் துண்டையும் சேர்த்துவிட்டால், அதற்கான ஆன்டிபாடி சிவப்பாகவும் சோதிக்கும் ஆன்டிபாடி பச்சையாகவும் தெரியும்படி செய்யலாம். சிவப்பு இருக்கும் இடத்தில் மட்டும் பச்சை இருக்கிறதா? சிவப்பில்லாத செல்லில் பச்சை கசிகிறதா? ஒரே பார்வையில் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இதில் தேறினாலும் அவர் முழுதாக நம்புவதில்லை. மரபணு ஏற்றிய செல்லில் கால்வாய் கொட்டிக்கிடக்கும். உண்மையான நரம்பு செல்லிலோ அது சொற்பம். கொட்டிக்கிடக்கும் இடத்தில் சரியான புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, சொற்பமாக இருக்கும் இடத்தில் வேறொன்றைத் தேடிப்போகக்கூடும்.

அடுத்தது வெஸ்டர்ன் பிளாட். செல்லைக் கரைத்து, புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடி எந்த எடையில் ஒட்டுகிறது என்று பார்ப்பது. டிஆர்பிவி1-க்கு ஏறக்குறைய 95 கிலோடால்டனில் ஒரு கோடு வர வேண்டும். சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய கால்வாய்கள் அதற்குச் சற்று மேலே இன்னொரு கோடாகத் தெரியும். பயிற்சிக் கையேடுகள் மாதிரியை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடச் சொல்கின்றன. பெரும்பாலான புரதங்களுக்கு அது சரி. சவ்வைப் பலமுறை கடக்கும் புரதத்தைக் கொதிக்கவிட்டால் அது ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகி, ஜெல்லுக்குள் இறங்காமல் குழியின் வாயிலேயே நின்றுவிடும். கோடு வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்க, ஆன்டிபாடி உதவாது என்று மாணவர் எழுதிவைத்துவிடுவார். அவருடைய கூடத்தில் கால்வாய் மாதிரிகளை அறைச் சூட்டிலோ 37 டிகிரியிலோ அரை மணி நேரம் வைத்துவிட்டு நேராக ஜெல்லில் ஏற்றுகிறார்கள்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் சிறுநீர்ப்பையின் கதையைச் சொல்வார். சிறுநீர்ப்பையின் உட்பூச்சுச் செல்களிலும் டிஆர்பிவி1 இருக்கிறது, அவையும் உணர்வு வேலை செய்கின்றன என்று 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. நரம்பில் மட்டும் இருப்பதாக நினைத்த கால்வாய் தோல்போன்ற செல்லிலும் இருக்கிறது என்றால் அது பெரிய செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் ஆன்டிபாடிப் படங்களோடு பல கட்டுரைகள் தொடர்ந்தன. டிஆர்பிவி1 மரபணு நீக்கப்பட்ட நாக்-அவுட் சுண்டெலிகள் 2000-இலேயே வந்துவிட்டிருந்தன. லூவன் ஆய்வாளர்கள், சந்தையில் கிடைத்த ஆன்டிபாடிகளைச் சாதாரணச் சுண்டெலியின் சிறுநீர்ப்பையிலும் நாக்-அவுட் சுண்டெலியின் சிறுநீர்ப்பையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். உட்பூச்சு இரண்டிலும் ஒளிர்ந்தது. கால்வாயே இல்லாத சுண்டெலியில் ஒளிர்ந்தது எது? எதுவாக இருந்தாலும் அது டிஆர்பிவி1 அல்ல. உட்பூச்சுச் செல்கள் கேப்சைசினுக்குப் பதில் தருவதாகச் சொல்லும் வேறுவகைச் சான்றுகளும் இருந்ததால் விவாதம் அதோடு ஓயவில்லை. ஆனால் ஆன்டிபாடிப் படத்தைச் சாட்சியாகக் கூப்பிடும் உரிமை அன்றோடு போய்விட்டது.

மூளையிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. டிஆர்பிவி1 மூளை முழுக்கப் பரவியிருப்பதாக ஆன்டிபாடியைப் பயன்படுத்திய ஆய்வுகள் கூறின. 2011-இல் ஜூலியஸும் ஆலன் பாஸ்பாமும் சேர்ந்த குழு வேறு வழியில் போனது. டிஆர்பிவி1 மரபணு விழித்துக்கொள்ளும் செல் எதுவோ அது தானே நிறம்காட்டும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஆன்டிபாடியே தேவையில்லை. உணர்வு நரம்பு முடிச்சுகளில் நிறம் நிறைந்திருந்தது. மூளையிலோ ஹைப்போதலாமஸின் பின்பகுதியை ஒட்டிய சிறு பட்டை போன்ற வெகு சில இடங்களில் மட்டுமே தெரிந்தது. யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்திலும் கால்வாய் கிடைத்தது: சிறிய தமனிகளின் சுவர்த் தசைகள். தவறான ஒளி பல இடங்களில் இல்லாததைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், உண்மையில் இருந்த இடம் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது. அவரை இந்தச் செய்தி பாதித்த அளவுக்கு வேறெதுவும் பாதிக்கவில்லை.

இந்த வேலையில் ஒரு பழைய சமாதானம் உண்டு. ஆன்டிபாடியை எந்தத் துண்டுக்கு எதிராகச் செய்தார்களோ, அந்தத் துண்டையே முன்கூட்டி அதோடு கலந்துவிட்டால் ஒளி மறைந்துவிடும். ஆகவே ஆன்டிபாடி சரியானது என்பார்கள். கிளிஃபர்ட் சேப்பரும் பால் சாச்சென்கோவும் 2003-இல் எழுதிய குறிப்பு இதைத் தெளிவாக மறுத்தது. ஆன்டிபாடியின் கையைத் துண்டால் நிரப்பிவிட்டால் அது சரியான புரதத்தையும் பிடிக்காது, தவறான புரதத்தையும் பிடிக்காது. ஒளி மறைவது இரண்டுக்கும் பொது. அந்தச் சோதனை ஒன்றை மட்டும் காட்டி வரும் கட்டுரைகளை அவர் மதிப்புரைக்கு வாங்கினால், நாக்-அவுட் படம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அது சரிதான் என்றே தோன்றுகிறது.

மனிதத் திசுவுக்கு நாக்-அவுட் கிடையாது. அங்கேதான் அவருடைய தொழிலின் முழுக் கடினமும் இருக்கிறது. தேடும் கால்வாய் இயல்பாகவே இருக்கும் மனிதச் செல் வரிசை ஒன்றை எடுத்து, கிரிஸ்பர் முறையில் அந்த மரபணுவை அறுத்துவிடுவது ஒரு வழி. ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் ஒரே பிரதி வைத்திருக்கும் ஹாப்1 செல்கள் இதற்கு வசதி. ஒன்றை அறுத்தால் போதும். சிறிய ஆர்என்ஏ கொண்டு கால்வாய் உற்பத்தியைக் குறைத்து, ஒளியும் அதே அளவு குறைகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. கால்வாயின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே செல்களைக் காட்டுகின்றனவா என்பதும் நல்ல சாட்சி. ஸ்வீடனின் மத்தியாஸ் உலென் முதலானோர் 2016-இல் முன்வைத்த பரிந்துரை இவற்றையும் சேர்த்து ஐந்து வகைச் சோதனைகளைச் சொல்கிறது. எல்லாவற்றையும் செய்ய எவருக்கும் காசு போதாது. மரபணுவை அறுத்துப் பார்ப்பதை மட்டும் அவர் எக்காரணத்துக்கும் விடுவதில்லை.

பிறகு உண்மையான மனித டிஆர்ஜி. உறுப்புதானம் செய்தவர்களின் குடும்பங்கள் சம்மதித்து, அறுவை முடிந்த கையோடு எடுத்து உலர்பனியில் உறையவைத்து அனுப்பப்படும் திசு அது. அதை மிகுந்த மரியாதையோடு கையாள வேண்டும் என்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கிரையோஸ்டாட்டில் 20 மைக்ரான் சீவல்களாக வெட்டி, குளிர்ந்த ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்துவார்கள். எலித் திசுவில் மட்டும் பழகியவர் இங்கே முதல் பார்வையிலேயே ஏமாறுவார். மனித நரம்பு செல் பெரியது, அதன் கருவை ஒட்டிப் பிறை வடிவில் பொன்னிறத் துகள்கள் குவிந்திருக்கும். லைபோஃபுசின் என்னும் கழிவு அது. வயது ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும். ஆன்டிபாடியே போடாவிட்டாலும் தானாக ஒளிரும். பச்சையில் ஒளிரும், சிவப்பில் ஒளிரும், எந்த நிற வடிகட்டியைப் போட்டாலும் ஒளிரும். டிஆர்பிவி1 நிறைந்த செல் என்று பார்த்தவர் மகிழ்ந்துபோவார்.

அவர் இதற்கு வைத்திருக்கும் முறை எளிது. சாயமே பூசாத ஒரு நிறத்தை எப்போதும் காலியாக விட்டுவைப்பார். அந்த நிறத்திலும் தெரியும் துகள் அனைத்தும் லைபோஃபுசின்; கணக்கில் சேராது. 70 சதவீத ஆல்கஹாலில் கரைத்த சூடான் பிளாக் கறுப்புச் சாயம் அந்த ஒளியை மூடிவிடும். கொஞ்சம் கூடினால் உண்மையான ஒளியையும் சேர்த்து மூடிவிடும் என்பதால், ஒவ்வொரு கொடையாளரின் திசுவுக்கும் நேரத்தைத் தனியாகப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதற்குப் புத்தகத்தில் விடையில்லை. கை பழகித்தான் வரும்.

அவரை வருந்தவைத்த அனுபவம் இன்னொன்றும் உண்டு. பல சோதனைகளில் தேறி, கூடம் முழுவதும் நம்பியிருந்த முயல் ஆன்டிபாடி ஒன்று, அடுத்த முறை வாங்கியபோது முற்றிலும் வேறு செல்களைக் காட்டியது. பட்டியல் எண் அதேதான். விற்ற நிறுவனத்திடம் கேட்டபோதுதான் பழைய முயலின் ரத்தம் தீர்ந்துவிட்டது, இது வேறு முயல் என்று தெரிந்தது. குப்பியில் அது எழுதப்படவில்லை. பாதியில் நின்றுபோன ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வாங்கும் ஒவ்வொரு குப்பியின் தொகுதி எண்ணையும் ஏட்டில் எழுதி, அதன் எதிரே நாக்-அவுட் செல்லில் எடுத்த படத்தை ஒட்டிவைக்கிறார். ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே தெரிந்துகொண்டு செல்லில் உற்பத்தி செய்யும் மறுசேர்க்கை ஆன்டிபாடிகளில் இந்தத் தொல்லை இல்லை. விலை கூடுதல்தான், இருந்தாலும் கூடங்கள் அதற்கு மாறியே ஆகவேண்டும்.

இதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவின் மான்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒய்கேரோஸ் என்னும் திறந்த ஆய்வு முயற்சி, 65 மனிதப் புரதங்களுக்கு எதிரான 614 ஆன்டிபாடிகளை நாக்-அவுட் செல்களில் ஒன்றுவிடாமல் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை ஒரு சோதனையிலாவது தவறின. மறுசேர்க்கை ஆன்டிபாடிகளே மற்ற வகைகளைவிட நன்றாகத் தேறின. விற்பனை நிறுவனங்களும் அந்த முயற்சியில் பங்கெடுத்து, தவறியவற்றில் ஒரு பகுதியைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டன. மற்றத் தொழில்களில் தரக்கட்டுப்பாடு என்று எதைச் சொல்கிறோமோ, அது இந்தத் தொழிலுக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கால்வாய் எங்கே இருக்கிறது என்பது வெறும் அறிவுக்கான கேள்வி அல்ல. மலக்குடல் மிகையுணர்வால் அவதிப்படும் நோயாளிகளின் குடல் திசுவில் டிஆர்பிவி1 உள்ள நரம்பிழைகள் கூடியிருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியபோது, காரணம் தெரியாத அவதிக்கு ஒரு முகம் கிடைத்தது. மறுபுறம், வலியை நிறுத்தலாம் என்ற நம்பிக்கையில் டிஆர்பிவி1-ஐ அடைக்கும் ஏஎம்ஜி 517 என்ற மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைவாய்ப்பல் பிடுங்கிய சிலருக்கு உடல்சூடு 40 டிகிரி வரை ஏறி, சோதனை நின்றுபோனதை 2008-இல் வந்த கட்டுரை பதிவுசெய்தது. வலியைச் சொல்லும் கால்வாய் உடம்பின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதிலும் கைகொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எந்த உறுப்பில், எந்த நரம்பில் இருந்துகொண்டு என்று அறிய நம்பகமான படம் வேண்டும்.

சுண்டெலியைப் பார்த்து மனிதனைச் சொல்லிவிடவும் முடியாது. டிஆர்ஜியில் டிஆர்பிவி1-இன் ஆர்என்ஏவை நேரடியாக எண்ணிய டல்லஸின் டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு, மனித செல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கில் அது இருப்பதாக 2020-இல் தெரிவித்தது. சுண்டெலியில் அது இதைவிட மிகக் குறைவான செல்களில்தான் இருக்கிறது. ஆர்என்ஏ இருக்கும் செல்லில் கால்வாயும் சவ்வுக்கு வந்து நிற்கிறதா என்பதை மட்டும் ஆர்என்ஏ சொல்லாது. அதனால் இப்போது அவர் ஒரே சீவலில் ஆர்என்ஏவைக் காட்டும் தூண்டிலையும் ஆன்டிபாடியையும் சேர்த்தே போடுகிறார். இரண்டும் ஒத்துவரும் செல்களைத்தான் எண்ணிக்கையில் சேர்க்கிறார். டிஆர்பிஎம்3-க்கு அவருடைய நாக்-அவுட் சோதனையில் தேறிய ஆன்டிபாடி இன்னும் அமையவில்லை. அதற்கு ஆர்என்ஏவோடு நிறுத்திக்கொண்டு, கட்டுரையிலும் அதை அப்படியே எழுதுகிறார்.